சங்க அலமாரியில் உள்ள கோப்பை

(ஆண்டு விழாவில் மிதிவண்டிக் குழுவினர் சார்பில் படிக்கப்பெற்ற உரை)

 

எங்கள் குழுவைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாங்கள் தயங்கினோம். நாடகப் பிரிவினர் மேடையேறினால் நாடகத்தைக் காட்டுவர். இசைப் பிரிவினர் பேச்சை விடுத்துப் பாடிவிடுவர். மிதிவண்டிக் குழுவினர் மேடைமீது எதைக் காட்டுவது? வண்டியைத்தான் ஏற்றி நிறுத்தலாம். அதைப் பார்க்கும் குழந்தைகள் மணி எங்கே, பின்னிருக்கை எங்கே என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்தவுடன் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

ஆகவே உங்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு பொருளைக் கொண்டே தொடங்குகின்றோம். நம் சங்க நூலகத்தின் கண்ணாடி அலமாரியில், கேரம் போட்டிக் கேடயத்துக்கும் கோலப் போட்டிச் சுழற்கோப்பைக்கும் நடுவே, ஒரு சாண் உயரமுள்ள வெள்ளிநிறக் கோப்பை ஒன்று இருக்கின்றது. மூன்றாம் பரிசு என்று அதன் அடியில் பொறித்திருக்கின்றது. எட்டு ஆண்டுகளாகப் பந்தயச் சாலைகளில் நாங்கள் ஈட்டிய ஒரே கோப்பை அதுவே. அது வந்த நாளில் சங்கம் எங்களுக்குக் கேசரியும் காப்பியும் வழங்கிப் பாராட்டியது. அன்று எங்களுள் ஒருவர் அவையில் இல்லை. ஏன் இல்லை என்று அப்போது பலரும் கேட்டீர்கள். அலுவல் என்று மறுமொழி சொன்னோம். அது உண்மையன்று. உண்மையைச் சொல்லுமாறு அவரே எங்களைப் பணித்திருக்கின்றார். மூன்றாம் வரிசையில், தூணுக்கு அருகில்தான் அமர்ந்திருக்கின்றார். அவருடைய இசைவு பெற்றே பேசுகின்றோம்.

மிதிவண்டி இந்த ஊருக்குப் புதிதன்று. நம் முன்னோர் பூனா என்று எழுதிய இந்நகரம், மிதிவண்டிகளின் நகரம் என்று பெயர் பெற்றிருந்த காலம் ஒன்று உண்டு. அவர்கள் கிர்க்கி என வழங்கிய கட்கியில், தொழிற்சாலைச் சங்கு ஊதினால் சாலை முழுவதும் மிதிவண்டியாகவே தோன்றும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஊரிலிருந்து உத்தியோகத்துக்கென்று வந்தவர்கள், முதலிரண்டு மாதச் சம்பளத்தில் பாத்திரம் வாங்கினார்கள், மூன்றாவது மாதச் சம்பளத்தில் வண்டி வாங்கினார்கள். சென்னையில் 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் வண்டி என்றால், அதில் ஊரின் வாசனையும் சிறிது சேர்ந்திருக்கும். பின்னர் ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது, வண்டிகள் படிக்கட்டின் அடியில் துருவேறின. இன்று நாங்கள் ஏறிச்செல்லும் மெல்லிய சக்கர வண்டியைப் பார்த்து, "இதற்கா இத்தனை விலை?" என்று கேட்கும் பெரியவர்கள், அன்று நாள்தோறும் இருபது கிலோமீட்டர் மிதித்தவர்கள். அவர்கள் முன்னிலையில் எங்கள் உழைப்பைப் பெரிதாகப் பேச எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கின்றது.

பந்தயமும் இவ்வூருக்குப் பழையதே. மும்பையிலிருந்து புனேவுக்கு நடைபெறும் பந்தயத்தில், போர் காட் என்னும் மலைச்சாலையில் ஏறிக் கண்டாலாவை முதலில் அடைபவரை மராத்தியர் 'காடாச்சா ராஜா' என்று கொண்டாடுவார்கள். மலைவழிக்கு அரசன் என்பது பொருள். நம் காலனிக் குழந்தைகள் இதைக் 'காட்டு ராஜா' என்று காதில் வாங்கிக்கொண்டு, எங்களைச் சிங்கம், புலி என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டம் எங்களுக்குப் பொருந்தவில்லை என்பது 2017ஆம் ஆண்டிலேயே, முதல் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்போது நாங்கள் ஐவர். படைக்கலத் தொழிற்சாலையில் பணிபுரியும் மூத்தவர் ஒருவர். அவரைத்தான் மூன்றாம் வரிசையில் காண்கிறீர்கள். கணக்குத் துறையினர் இருவர், ஹிஞ்சவாடியில் கணிப்பொறி வேலை பார்ப்பவர் ஒருவர், பள்ளியிறுதி மாணவராயிருந்த தம்பி ஒருவர். பின்னர் வங்கியில் பணிபுரியும் சகோதரி ஒருவரும், சென்ற ஆண்டுவரை நம் சங்கப் பொருளாளராயிருந்தவரும் சேர்ந்தனர். சகோதரியின் சொந்த ஊர் புதுக்கோட்டை. 1991ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தாயாரும் அவ்வாறு கற்றவரே. "எங்கள் வீட்டில் அம்மாவிடமிருந்து வந்த சொத்து இது ஒன்றுதான்" என்று சகோதரி சொல்வார்.

முதல் பந்தயத்தில் ஐவரும் கொடி அசைந்தவுடன் வெறி பிடித்தவர்போல் மிதித்தோம். ஒருவரையொருவர் முந்தினோம். பதினோராவது கிலோமீட்டரில் ஐவருமே மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் அரைக் கிலோமீட்டர் இடைவெளியில், தனித்தனியே சாலையில் தொங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து உள்ளூர் இளைஞர்கள் இருபது பேர் ஒரே திரளாக வந்தார்கள். பேசிக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் எங்களைக் கடந்து போனார்கள். அவர்களுள் எவரும் எங்களைவிட வலிமை மிகுந்தவராகத் தோன்றவில்லை. அதுதான் எங்களை வருத்தியது.

அந்த வருத்தத்துக்கு விடை சொன்னவர் பேட்டைப் பகுதியில் வண்டி பழுது பார்க்கும் ஒரு மராத்தியப் பெரியவர். இளமையில் பந்தயம் ஓடியவர். சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றை எடுத்துக் கடைவாசல் மண்ணில் கோடுகள் இழுத்துக் காட்டினார். சமதரைச் சாலையில் வேகமாகச் செல்பவனுக்குப் பகைவன் பக்கத்து வண்டிக்காரன் அல்லன், காற்றே பகைவன். உழைப்பின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகின்றது. மணிக்கு 30 கிலோமீட்டர் செல்பவர் 33 கிலோமீட்டர் செல்ல விரும்பினால், வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகின்றது. காற்றை வெல்வதற்கான உழைப்போ மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். ஆனால் முன்னே ஒருவர் செல்ல, அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் மற்றவர் ஒட்டிச் சென்றால், பின்னவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையக்கூடும். முன்னவர் களைத்ததும் ஒதுங்கிப் பின்னே வந்துவிட வேண்டும். அடுத்தவர் முன்னே காற்றை வாங்க வேண்டும். இவ்வாறு மாறி மாறிச் சென்றால், தனித்தனியே எவராலும் இயலாத வேகத்தை ஐவரும் சேர்ந்து எட்டலாம்.

கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு முழ இடைவெளியில் பிறர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. முன்னவர் தடையைத் தொட்டால் பின்னவர் பல்லைத் தொலைப்பார். பள்ளம் வந்தால் முன்னவர் கையால் சுட்டிக் காட்ட வேண்டும். புனேவின் சாலைகளில் கையைக் கீழே இறக்கவே நேரமிருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கக் காற்று அடிக்கும் நாளில் மறைப்பு நேர்பின்னால் இருப்பதில்லை, சாய்வாகப் பக்கத்தில் இருக்கின்றது. அப்போது குழுவினர் சாலையின் குறுக்கே ஏணிப்படிபோல் சாய்ந்து செல்ல வேண்டும். இதைப் பின்னால் சொல்லப்போகும் செய்திக்காக நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். மலையேற்றத்தில் வேகம் குறைவு. ஆகவே மறைப்பும் பயன்படாது. அங்கே அவரவர் உடல் எடையை அவரவரே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். முன்னாள் பொருளாளர் அவர்கள் ஏற்றங்களில் ஏன் பின்தங்குகிறார் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இவ்விடத்தில் எங்கள் வீட்டாரைப் பற்றி ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நாலே முக்கால் மணிக்குக் கதவு திறக்கும் ஓசையை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கின்றார்கள். கூடத்தில் சக்கரம், குளியலறையில் சங்கிலி கழுவும் வாளி, துணிக்கொடியில் எவரும் உடுத்த அஞ்சும் நிறத்தில் சட்டைகள். பந்தயத்துக்கு முதல்நாள் இரவு எங்களுள் ஒருவர் வீட்டில் திருமண விருந்து இருந்தது. அவர் தயிர்சாதமும் வாழைப்பழமும் மட்டுமே உண்டு எழுந்ததைப் பெண் வீட்டார் வேறுவிதமாகப் பொருள்கொண்டு, அது பெரிய பேச்சாகிவிட்டது. அதை விரிக்கப் போவதில்லை.

இனி அந்தக் கோப்பைக்கு வருகின்றோம்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், உள்ளூர் அமைப்பொன்று நடத்திய பந்தயம் அது. நகரின் தெற்கே கோந்த்வாவுக்கு அப்பால் உள்ள போப்தேவ் காட் அடிவாரத்தில் தொடக்கம். மலைச்சாலையில் ஏறி, மேட்டுநிலத்தில் சாஸ்வட் வழியாகக் கண்டோபா கோயில் கொண்டுள்ள ஜெஜூரிவரை சென்று, வந்த வழியே திரும்பிக் காட்டின் உச்சியில் முடிவு. ஏறத்தாழ 75 கிலோமீட்டர். போக்குவரத்து நிறுத்தப்படாத சாலை. எனவே சாலையின் இடப்பாதியைத் தாண்டக்கூடாது என்பது விதி. பெண்களுக்கான பந்தயம் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கிச் சாஸ்வட் வரை சென்று திரும்புவது. நம் வங்கிச் சகோதரி அதில் கலந்துகொண்டார். ஆண்கள் பந்தயத்தில் நாங்கள் அறுவர்.

அன்று எங்கள் கணக்கு எதுவும் பிழைக்கவில்லை. முதல் ஏற்றத்தில் தம்பி முன்னணித் திரளோடு ஒட்டிக்கொண்டார். முன்னாள் பொருளாளரும் மற்றொருவரும் பின்தங்கினர். எஞ்சிய மூவரும் சாஸ்வட்டுக்கு முன்பே மூச்சைப் பிடித்து முன்னணியோடு சேர்ந்துவிட்டோம். ஜெஜூரியில் திரும்பியபோது முன்னணியில் பதினெட்டுப் பேர். அவர்களில் நால்வர் நம்மவர். அதுவரை எங்கள் வாழ்வில் அப்படியொரு நிலையில் இருந்ததில்லை. கோயிலடியில் கடைகள் திறந்து, மஞ்சள் தட்டுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. அதைக்கூடக் கடைக்கண்ணால்தான் பார்த்தோம்.

திரும்பும் வழி வடமேற்கு நோக்கியது. மழைக்காலம் முற்றும் ஓயாத நாள். மேல்காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து முகத்தில் அடித்தது. இப்படிப்பட்ட காற்றில் மறைப்பு வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் என்று சொன்னோம் அல்லவா? முன்னே செல்பவர் சாலையின் நடுவில் சென்றால், பின்னவர்களுக்கு மறைப்புத் தேட வலப்பக்கத்தில் இடம் கிடைக்காது. நடுக்கோட்டைத் தாண்ட நேரும். முன்னவர் இடப்பக்க ஓரத்தைத் தழுவிச் சென்றால்தான் மூவர் நால்வர் அவருடைய வலப்பக்கத்தில் ஏணிப்படியாக ஒதுங்க முடியும். எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் அந்த ஓரத்தில் செல்ல எவரும் விரும்புவதில்லை. மழையில் அரித்த சரளையும், லாரி சிதறிய இரும்புத் துண்டும், உடைந்த புட்டிக் கண்ணாடியும் சேர்ந்து கிடப்பது அங்கேதான்.

மூத்தவர் அந்த ஓரத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். மாற்றி மாற்றிக் காற்று வாங்குவது என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அவர் ஒதுங்கவில்லை. முழங்கையை அசைத்து, பின்னாலேயே இருங்கள் என்று காட்டினார். ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் அவர் ஒருவரே முன்னே சென்றார். அவருக்கு அப்போது வயது 52. அந்தப் பத்துக் கிலோமீட்டரில் திரளிலிருந்து ஏழெட்டுப் பேர் அறுந்து போனார்கள். நாங்கள் மூவரும் அவருடைய தோளுக்குப் பின்னால் ஒதுங்கி, கால்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு வந்தோம்.

சாஸ்வட்டைக் கடந்து சிறிது தூரத்தில் அவருடைய பின்சக்கரம் வெடித்தது. குழாய் மட்டும் கிழியவில்லை, கண்ணாடி வெளிச்சக்கரத்தின் பக்கவாட்டையே அறுத்துவிட்டது. அவர் கையை உயர்த்தினார், ஓரமாக ஒதுங்கினார். திரள் வேகத்தைக் குறைக்கவில்லை.

எங்களுள் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். இருவர் திரும்பிப் பார்த்தோம். பார்த்துவிட்டுப் போய்விட்டோம்.

அன்று தம்பி மூன்றாவதாக வந்தார். மற்ற இருவரும் ஒன்பதாவதும் பதினொன்றாவதும் ஆனோம். கோப்பையைக் கையில் வாங்கியதும் படம் பிடித்துக்கொண்டோம். காலனிக்குச் செய்தி அனுப்பினோம். அவல் உப்புமா உண்டோம். பின்தங்கிய இருவரும் வந்து சேர்ந்தபோதுதான், அவர் எங்கே என்ற கேள்வி எழுந்தது. சாஸ்வட் புறத்தே ஒரு மரத்தடியில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். எல்லாம் சரி, போங்கள் என்று கைகாட்டினார் என்றார்கள். கடைசியில் வரும் வண்டி ஏற்றிக்கொள்ளும் என்று நாங்கள் அனைவருமே எண்ணிக்கொண்டோம். அந்த வண்டி வேறொரு வழியில் முன்னரே போய்விட்டிருந்தது.

அவரிடம் மாற்றுக் குழாய் ஒன்று இருந்தது. மாட்டியவுடன், வெளிச்சக்கரத்தின் கிழிசல் வழியே அது பிதுங்கி, அதுவும் வெடித்தது. கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றிருக்கின்றார். பெண்கள் பந்தயத்தில் நான்காவதாக வந்துகொண்டிருந்த நம் சகோதரி அவரைக் கண்டு இறங்கினார். தம்முடைய குழாயைக் கொடுத்தார். கிழிசலுக்கு என்ன செய்வது? சட்டைப்பையில் இருந்த பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்துக் கிழிசலின் உட்புறத்தில் வைத்து, அதன்மேல் குழாயை அமர்த்திக் காற்றடித்தார்கள். பழைய பந்தயக்காரர்களின் வழக்கம் அது. நோட்டுத் தாள் எளிதில் கிழியாது. காற்றைக் குறைவாக அடித்து, மெல்ல மெல்ல இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவர்கள் காட்டின் உச்சியை அடைந்தபோது தம்பி முடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முடிவு வளைவைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். சகோதரிக்குப் பத்தாவது இடம். மூத்தவரின் பெயர் முடித்தோர் பட்டியலில் இல்லை.

அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம்பியின் தோளைத் தட்டினார். காப்பி குடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பாராட்டு விழாவுக்கும் வரவில்லை. மூன்று மாதம் ஓடியது. காலனிச் சாலையில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார். பேச்சு அதற்கு மேல் போகாது.

எங்களுக்குள் அப்போது எழுந்த வாதங்களை ஒளிக்க விரும்பவில்லை. பந்தயத்தில் நிற்பது அறியாமை, நால்வரும் நின்றிருந்தால் அவர் பத்துக் கிலோமீட்டர் பட்ட பாடு வீணாகியிருக்கும் என்றது ஒரு கட்சி. ஒருவராவது நின்றிருக்கலாமே, ஒன்பதாவதும் பதினொன்றாவதும் யாருக்கு வேண்டும் என்றது மற்றொன்று. சகோதரி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எனக்கு வாதம் செய்ய நேரம் இருக்கவில்லை, அவர் சாலையோரத்தில் நின்றார், நான் இறங்கினேன்" என்று மட்டும் சொன்னார்.

தம்பிதான் முதலில் அவர் வீட்டுக்குப் போனார். கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். பின்னர் நாங்களும் சென்றோம். அவருடைய துணைவியார் அடை வார்த்துப் போட்டார்கள். அடை முடியும்வரை எவரும் பேச்சைத் தொடங்கவில்லை.

அதற்கு முன்பு பயிற்சியின்போது தம்பி எங்களுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. 1903ஆம் ஆண்டில் தொடங்கிய பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில், 1934ஆம் ஆண்டில் ரெனே வியேத்தோ என்னும் இருபது வயது இளைஞர் மலைகளில் எல்லாரையும் வென்றுகொண்டிருந்தார். அவர் குழுவின் தலைவர் அந்தோனேன் மாஞ். பிரனீசு மலையில் தலைவரின் சக்கரம் உடைந்தபோது வியேத்தோ தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரின்மேல் அமர்ந்து அழுதார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. மறுநாளும் தலைவருக்கு வண்டி பழுதாக, முன்னே சென்றுவிட்ட வியேத்தோ திரும்பி மலையேறி வந்து தம் வண்டியையே கொடுத்தார். மாஞ் பந்தயத்தை வென்றார். வியேத்தோவுக்கு ஐந்தாம் இடம்; அதன் பின்னும் அவர் அப்பந்தயத்தை ஒரு முறையும் வெல்லவில்லை.

அன்று மூத்தவர் அந்தக் கதையையே எடுத்தார். "அந்தப் பையன் அழுதான், சரி. ஆனால் யாருக்காகக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். அவர் தலைவர் என்று முன்கூட்டியே முடிவான விஷயம். நாம் அப்படி ஏதாவது பேசினோமா, தம்பி? ஓரத்தில் போனது என் இஷ்டம். நீங்கள் போனதும் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் மரத்தடியில் நிற்கும்போது, யாராவது வருவார்களா, வரமாட்டார்களா என்று தெரியாமல் நின்றேன் பாருங்கள், அதுதான். வரமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் அரை நிமிஷத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பேன்."

தம்பி, "மன்னியுங்கள், மாமா" என்றார். "அடை ஆறிப்போகிறது" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு நாலே முக்கால் மணிக்கு அவர் வாசலில் நின்றார்.

அன்றுமுதல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல்நாள் மாலை நம் சங்க நூலகத்தில் கூடி, மறுநாள் யாருக்காக ஓடுகிறோம், யார் காற்று வாங்குவது, யாருக்குப் பழுது நேர்ந்தால் யார் நிற்பது, யாருக்கு நேர்ந்தால் எவரும் நிற்கப்போவதில்லை என்பதை வெளிப்படையாகப் பேசித் தாளில் எழுதிக்கொள்கின்றோம். கடைசியாகச் சொன்னதை எழுதுவதுதான் கடினம். ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே அந்தப் பகுதியில் எழுத வேண்டும் என்பது மூத்தவர் வகுத்த முறை.

இதனால் வெற்றிகள் குவிந்தன என்று சொல்ல ஆசைதான். குவியவில்லை. 2023ஆம் ஆண்டில் அதே சாலையில் அதே பந்தயத்தில், எழுதியபடி தம்பிக்காக இருவர் நின்றோம். அவருடைய சங்கிலி அறுந்திருந்தது. சரிசெய்து முடிப்பதற்குள் முன்னணி கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. 31, 32, 33 ஆகிய இடங்கள் எங்களுக்குக் கிடைத்தன. அவ்விருவரில் ஒருவருக்கு அன்று கால்கள் நன்றாக ஓடின. நிற்காமல் இருந்திருந்தால் முதல் ஐந்துக்குள் வந்திருப்பேன் என்று அவர் இன்றும் நினைக்கின்றார். அவர் நினைப்பது சரியாகவும் இருக்கலாம். இக்கருத்து வேறுபாடு எங்களுள் இன்னும் தீரவில்லை; தீராமலே வண்டி ஓட்டுகின்றோம்.

அந்தப் பத்து ரூபாய் நோட்டைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். கோப்பைக்குள் வைக்கலாமே என்று நாங்களும் விரும்பினோம். மூத்தவர் ஒப்பவில்லை, ஒரு மூலைதான் தேய்ந்திருக்கிறது, பத்து ரூபாயை வீணாக்குவானேன் என்றார். சகோதரி தம் வங்கியில் அதை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். வரும் பனிக்காலத்தில் இருபது கிலோமீட்டருக்குள் அமையும் ஒரு சிறு பந்தயத்தை நம் சங்கமே நடத்த நிர்வாகக் குழு இசைந்திருக்கின்றது. காவல்துறையின் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. எங்களுக்குத் தேவை ஆட்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொடியுடன் நிற்க இருவர் வீதம் பதினாறு பேர். தண்ணீர் கொடுக்கச் சிறுவர்கள். முதலுதவி தெரிந்தவர் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் வருபவருக்கும் பின்னால் மெதுவாக வர, காரோ வேனோ உடைய அன்பர் ஒருவர் வேண்டும். அவர் மட்டும் பாதியில் வேறு வழியில் திரும்பக்கூடாது. கடைசி வண்டி வந்து சேரும்வரை பொறுமையாக வர வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இரவு உணவுப் பந்திக்கு முன், மூன்றாம் வரிசையில் தூணருகே அமர்ந்திருப்பவரிடம் கொடுக்கலாம். தாளும் எழுதுகோலும் அவர் கையில் இருக்கின்றன.